பழைய கைப்பேசியை மாற்றாமல் ஓட்டுவது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கைப்பேசி பழையதாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதன் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் முதுமையடைவதில்லை. திரை, பிராசசர், ஒலிவாங்கி ஆகியவை கீழே விழாமலும் நனையாமலும் இருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துபோவது பேட்டரி. நிரம்பித் திணறுவது சேமிப்பிடம். கெடு முடிந்து கைவிடப்படுவது மென்பொருள் ஆதரவு. புதியது வாங்கத் தூண்டும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலிருந்தே பிறக்கின்றன என்பது என் அனுபவம். எது என்று கண்டறியாமல் எடுத்த எடுப்பில் ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோவது) செய்தவர்கள் பலர், தரவுகளை எல்லாம் இழந்தபின் அதே தளர்ந்த பேட்டரியோடு வெறுமையான கைப்பேசி ஒன்றையே கையில் வைத்திருப்பார்கள். ஆகவே, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிச் செல்லும் முறையில் இந்தக் குறிப்பை அமைத்திருக்கிறேன்.

எந்தப் பகுதிக்குச் செல்லும் முன்பும் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். படங்கள், தொடர்பு எண்கள், அரட்டைகள், இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடுகள் (கணக்கில் நுழையும்போது கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கப்படுபவை) ஆகிய நான்கையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். முதல் மூன்றைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். நான்காவதை மறந்துவிட்டுத் தம் கணக்குகளுக்குள்ளேயே நுழைய முடியாமல் தவிப்பவர்கள்தான் அதிகம்.

அறிகுறி: முப்பது சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடுகிறது

லித்தியம் அயனி பேட்டரி முதுமையடையும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. அதன் கொள்ளளவு குறைவது எல்லோருக்கும் தெரிந்தது. அதன் உள் மின்தடை கூடுவது பலரும் அறியாதது. திடீரென்று அணைவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 முதல் 4.4 வோல்ட் வரை இருக்கும். சார்ஜ் குறையக் குறைய அதுவும் இறங்கும். கேமராவின் ஃபிளாஷ் ஒளிரும்போதோ காணொளி அழைப்பு தொடங்கும்போதோ கைப்பேசி ஒரே கணத்தில் அதிக மின்னோட்டத்தைக் கேட்கிறது. மின்தடை கூடிய பேட்டரியில் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, கருவி இயங்கத் தேவையான அளவுக்குக் கீழே போய்விடுகிறது. உள்ளே சார்ஜ் மிச்சம் இருந்தாலும் அதை வேண்டிய வேகத்தில் வெளியே தர முடியாததால், கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. குளிரில் உள் மின்தடை மேலும் கூடும் என்பதால், குளிர்ந்த காலைப் பொழுதில் இந்தத் தொல்லை அதிகமாகத் தெரியும்.

இதைச் சோதிப்பது எளிது. அணைந்த உடனே சார்ஜரில் செருகி இயக்குங்கள். பூச்சியத்துக்கு மாறாக இருபது முப்பது சதவீதம் என்று காட்டினால், பேட்டரி காலியாகவில்லை, தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஐபோனில் அமைப்புகளில் பேட்டரி என்ற பகுதிக்குள் பேட்டரி நலம் எத்தனை சதவீதம் என்று காணலாம். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பின்னும், ஐபோன் 15 முதல் உள்ளவற்றின் பேட்டரி 1000 சுற்றுகளுக்குப் பின்னும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் கூறுகிறது. ஆண்ட்ராய்டில் இந்த விவரம் இருக்கும் இடம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அழைப்புத் திரையில் *#*#4636#*#* என்று தட்டினால் சில மாடல்களில் பேட்டரியின் மின்னழுத்தமும் வெப்பநிலையும் தெரியும். சாம்சங் கருவிகளில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியின் பரிசோதனைப் பகுதி பேட்டரியின் நிலையைச் சொல்லும்.

இவ்விடத்தில் 2017-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைவதைத் தடுக்க, ஐஓஎஸ் 10.2.1 பதிப்பிலிருந்து அவற்றின் பிராசசர் வேகத்தை ஆப்பிள் நிறுவனம் குறைத்துவந்தது. இதை அது அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. பேட்டரி நலத்தைப் பயனரே பார்த்துக்கொள்ளும் வசதி 2018-இல் ஐஓஎஸ் 11.3 பதிப்போடு வந்தது. கைப்பேசி மெதுவாக இயங்குவதற்கும் பேட்டரி காரணமாக இருக்கக்கூடும் என்பதைப் பலரும் அப்போதுதான் அறிந்தார்கள். பேட்டரியை மாற்றினால் வேகமும் திரும்பிவிடும்.

ஒரு முறை முழுதாகத் தீரவிட்டு, பின் இடைவிடாமல் நூறு வரை ஏற்றினால் பேட்டரி சரியாகிவிடும் என்ற அறிவுரையை அடிக்கடி கேட்கிறோம். சதவீதம் காட்டும் கணக்கை நேர்செய்ய அது உதவலாம். இழந்த கொள்ளளவை மீட்டுத் தராது. அதை வழக்கமாக்கிக்கொண்டால் பேட்டரி இன்னும் விரைவாகத் தேயும். நிலையான தீர்வு புதிய பேட்டரிதான். பழைய கைப்பேசிக்காகச் செய்யும் செலவுகளிலேயே மிகுந்த பயன் தருவதும் அதுதான். மாற்றும்போது இரண்டைக் கவனியுங்கள். விற்பனை நின்றுபோன மாடல்களுக்குக் கிடைக்கும் பேட்டரி, புதிய உறைக்குள் பல ஆண்டுகள் கிடந்ததாக இருக்கலாம். பயன்படுத்தாமல் வைத்தாலும் பேட்டரி முதுமையடையும் என்பதால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். மேலும், ஒரு முறை திறக்கப்பட்ட கைப்பேசியின் நீர்த்தடுப்பை அதன்பின் நம்பாதீர்கள். மாற்றும் வரை, நாற்பது சதவீதத்துக்குக் கீழே ஃபிளாஷைத் தவிர்த்து, திரையின் ஒளியைக் குறைத்து, மின்சேமிப்பு முறையை இயக்கி வைத்தால் திடீர் அணைவுகள் பெரிதும் குறையும்.

அறிகுறி: இரவு நூறு, காலையில் அறுபது

பயன்படுத்தாத நேரத்தில் சார்ஜ் கரைந்தால் பேட்டரியின் மேல் பழி போடுவதற்கு முன் இரண்டு இரவுகள் செலவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். முதல் இரவு வழக்கம்போல் வைத்துவிட்டு, படுக்கும்போதும் எழும்போதும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் இரவு விமானப் பயன்முறையில் வைத்து அதேபோல் குறியுங்கள். இரண்டாம் இரவில் ஓரிரு சதவீதமே குறைந்திருந்தால் பேட்டரி குற்றமற்றது. நெட்வொர்க்கோ பின்னணியில் ஓடும் ஒரு செயலியோதான் தின்கிறது. விமானப் பயன்முறையிலும் அதே அளவு கரைந்தால், பேட்டரியையோ உள்ளிருக்கும் மின்கசிவையோ ஐயப்படலாம்.

பேட்டரி குற்றமற்றது என்று தெரிந்தால், அமைப்புகளின் பேட்டரி பகுதியில் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்ற பட்டியலைப் பார்த்து, முதலிடத்தில் உள்ளதன் பின்னணி இயக்கத்தைக் கட்டுப்படுத்துங்கள். பட்டியலில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்றால் சிக்னலைப் பாருங்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் கைப்பேசி கோபுரத்தை எட்டுவதற்காகத் தன் ஒலிபரப்பு ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போகும். கட்டடத்தின் உட்புற அறையில் படுக்கைக்கு அருகே வைத்த கைப்பேசி மட்டும் காலையில் காலியாக இருப்பதற்கு அதுவே காரணம். வைஃபை வழியே அழைக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையேல் சாளரத்தருகே வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: சார்ஜ் ஏறவில்லை, அல்லது ஒரு கோணத்தில் பிடித்தால்தான் ஏறுகிறது

சோதனையின் வரிசை இங்கே முக்கியம்: முதலில் கேபிள், அடுத்துச் சார்ஜர், அதற்கடுத்துக் கேபிள் செருகும் துளை, கடைசியாகக் கைப்பேசியின் உள்ளே. மைக்ரோ யூஎஸ்பி இணைப்பியில் தேயக்கூடிய வில் போன்ற உறுப்பைக் கைப்பேசியின் பக்கம் வைக்காமல் கேபிளின் பக்கம் வைத்தே வடிவமைத்தார்கள். தேய்ந்தால் விலை குறைந்த பொருளே தேயட்டும் என்பது நோக்கம். ஆகவே, இணைப்பு தளர்ந்தால் முதல் ஐயம் கேபிளின் மேல்தான். வேறொரு கைப்பேசியில் நன்றாக வேலை செய்யும் கேபிளையும் சார்ஜரையும் கொண்டுவந்து பாருங்கள்.

அதிலும் ஏறவில்லை என்றால் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு ஆண்டுக்கணக்கில் உள்ளே சேர்ந்து, ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அடியில் அழுந்தி, கடைசியில் தக்கைபோல் இறுகிவிடும். நான் மூன்று கேபிள்களை மாற்றி, இணைப்பியையே மாற்ற வேண்டும் என்ற கருத்தையும் ஒருவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு, என் கைப்பேசியின் துளையிலிருந்து பயறளவு பஞ்சு உருண்டையை எடுத்தேன். கேபிள் அதன்பின் ‘டக்’ என்று உட்கார்ந்தது. கைப்பேசியை அணைத்துவிட்டு, மரத்தாலான பல் குச்சியின் முனையை இன்னும் மெலிதாகச் சீவி, அடிப்பகுதியிலிருந்து வெளியே நோக்கி மெல்ல நெம்புங்கள். ஊசி, சேஃப்டி பின் போன்ற உலோகங்கள் கூடாது. டைப் சி துளையின் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு முறிந்துவிட்டால் சுத்தம் செய்யப் போய்ப் பழுது வாங்கியதாகிவிடும்.

ஏறுகிறது, ஆனால் மிக மெதுவாக என்றால், சார்ஜரும் கைப்பேசியும் ஒரே விரைவு முறையைப் பேசாமல் இருக்கலாம். தயாரிப்பாளர்கள் பலர் தமக்கென்று ஒரு விரைவுச் சார்ஜ் முறை வைத்திருக்கிறார்கள். பொருந்தாத சார்ஜரில் செருகினால் கைப்பேசி வழக்கமான 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அது கோளாறு அன்று. பேட்டரி முற்றிலும் தீர்ந்து பல வாரங்கள் கிடந்த கைப்பேசி, செருகியவுடன் எந்த அசைவும் காட்டாமல் இருப்பதும் இயல்பே. அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு முடிவுக்கு வாருங்கள். நனைந்த கைப்பேசியை அரிசிக்குள் புதைக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள்; அரிசித்துகள் துளைக்குள் புகுந்து கேடு செய்யும் என்று ஆப்பிளின் உதவிக் குறிப்பே எச்சரிக்கிறது. துளை கீழ்நோக்கி இருக்குமாறு மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் உலரவிடுவதே போதும்.

அறிகுறி: பின்மூடி மேலெழும்பி நிற்கிறது, அல்லது திரை ஓரத்தில் பிளக்கிறது

இது சரிசெய்து பார்க்கும் அறிகுறி அன்று, நிறுத்த வேண்டிய அறிகுறி. பேட்டரிக்குள் வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், மூடியை அழுத்தி ஒட்டாதீர்கள், எக்காரணம் கொண்டும் குத்தாதீர்கள். கைப்பேசியை அணைத்து, தீப்பற்றும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பேட்டரியை மாற்றும் பயிற்சி உள்ளவரிடம் கொண்டுசெல்லுங்கள். கழற்றிய பேட்டரி குப்பைத்தொட்டிக்குரியது அன்று. மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அறிகுறி: தட்டினால் சற்று நேரம் கழித்தே திறக்கிறது

கைப்பேசி ஹேங் ஆவதற்குக் காரணம் ரேம் குறைவு என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அண்மைச் செயலிகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளி மூடிக்கொண்டே இருக்கிறார்கள். இதனால் நன்மையைவிடத் தீமையே அதிகம். மூடிய செயலியை மீண்டும் திறக்கும்போது அது முதலிலிருந்து ஏற்றப்பட வேண்டியிருப்பதால் நேரமும் சார்ஜும் கூடுதலாகவே செலவாகின்றன. இடம் தேவைப்படும்போது எதை வெளியேற்றுவது என்பதை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். உறைந்துபோன செயலியை மட்டும் தள்ளி மூடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது சேமிப்பிடம். கைப்பேசியில் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதில் எழுதப்பட்ட இடத்தின் மேல் நேராகத் திரும்ப எழுத முடியாது, ஒரு தொகுதியை முழுதாக அழித்த பிறகே எழுத முடியும். காலித் தொகுதிகள் தாராளமாக இருந்தால் இந்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். நிரம்பி வழியும்போது, ஒரு சிறு கோப்பை எழுதவும் இருப்பதை இடம் மாற்றி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருப்பதால் எல்லாமே தள்ளாடும். 2012-இல் வந்த நெக்சஸ் 7 கையடக்கக் கணினி, சில மாதப் பயன்பாட்டிலேயே மந்தமாகிவிட்டதாகப் பெரும் புகார் எழுந்தது. அழித்த இடங்களை நினைவகத்துக்கு அறிவிக்கும் டிரிம் என்ற ஏற்பாடு அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 4.3-இல் சேர்க்கப்பட்டபின் அது கணிசமாகத் தேறியது. அந்த ஏற்பாடு கைப்பேசி சும்மா கிடக்கும் வேளையில்தான் இயங்கும் என்பதால், இரவில் போதிய சார்ஜோடு அதைச் சில மணி நேரம் தனியே விட்டுவைப்பது நல்லது. மொத்தச் சேமிப்பிடத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை எப்போதும் காலியாக வைத்திருப்பது என் வழக்கம்.

இடத்தைக் காலி செய்ய, கண்டதை எல்லாம் நீக்காமல், பெரியதிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதி, 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளையும் பலமுறை பகிரப்பட்டவற்றையும் தனித்தனியே திரட்டித் தரும். காலை வணக்கக் காணொளிகள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். படங்களும் காணொளிகளும் தானாகப் பதிவிறங்குவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இல்லையேல் அடுத்த மாதமும் இதே வேலை காத்திருக்கும். அழித்த படங்கள் உடனே மறைவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஐபோனில் அண்மையில் நீக்கியவை என்ற தொகுப்பில் அவை 30 நாள் வரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதையும் காலி செய்தால்தான் எண் குறையும். செயலிகளின் தற்காலிகச் சேமிப்பை அழிக்கலாம், ஆனால் அதன் அருகிலேயே இருக்கும் தரவை அழிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். அது செயலியைப் புதிதாக நிறுவிய நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

இடம் போதுமான அளவு இருந்தும் மந்தம் நீடித்தால், ஆண்ட்ராய்டில் சேஃப் மோடு என்னும் நிலையில் தொடங்கிப் பாருங்கள். அணைக்கும் பொத்தான் திரையில் தோன்றியதும் அதை நீண்ட நேரம் அழுத்தினால் பல கருவிகளில் இந்த நிலைக்கான கேள்வி வரும். அதில் கைப்பேசியோடு வந்த செயலிகள் மட்டுமே இயங்கும். அங்கே விறுவிறுப்பாக இருந்தால், நீங்கள் நிறுவிய செயலிகளில் ஒன்றே குற்றவாளி. அண்மையில் நிறுவியதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள். ‘கிளீனர்’, ‘பூஸ்டர்’ என்ற பெயர் தாங்கியவற்றை முதலில் நீக்கிவிடலாம், நான் அவற்றால் ஒரு நன்மையும் கண்டதில்லை. மெமரி கார்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டும் ஒரு நாள் பாருங்கள். பழுதாகிவரும் கார்டைப் படிக்க முயன்று முயன்றே கேலரி உறைந்துபோவதுண்டு. ஆனால் அந்தக் கார்டை உட்சேமிப்பாக மாற்றிப் பயன்படுத்திவந்தால் சும்மா கழற்றாதீர்கள், அதிலுள்ள செயலிகளும் தரவுகளும் இயங்காமல் போகும்.

இவை எல்லாம் முடிந்தபின் ஒரு சிறு உபாயம். ஆண்ட்ராய்டின் அமைப்புகளில் கைப்பேசி பற்றிய பகுதியிலுள்ள பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும். அங்கே அசைவூட்டத்துக்கான மூன்று அளவுகளையும் 0.5 என்று மாற்றுங்கள். பிராசசர் வேகமாகிவிடாது, ஆனால் திரை மாறும்போது காத்திருக்கும் நேரம் பாதியாகும். கைக்கு அது வேகமாகவே தோன்றும். அந்தப் பட்டியலில் உள்ள மற்றவற்றைத் தொட வேண்டாம்.

அறிகுறி: “இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது”, “இணைப்பு பாதுகாப்பானதல்ல”

கருவி நன்றாக இருந்தும் உலகம் அதை விட்டு நகர்ந்துவிடும் நிலை இது. இரண்டு செய்திகளுக்கும் காரணங்கள் வெவ்வேறு.

முதலாவது, செயலியை உருவாக்கியவர் பழைய இயங்குதளத்தைக் கைவிட்டதால் வருவது. 2023 அக்டோபர் 24 முதல் வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழ்ப்பட்ட பதிப்புகளுக்கான ஆதரவை நிறுத்தியது. 2025-இல் வெளியான குரோம் 139-க்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும். இத்தகைய செய்தி வந்தால், முதலில் அமைப்புகளில் மென்பொருள் புதுப்பிப்பு ஏதேனும் காத்திருக்கிறதா என்று பாருங்கள். சேமிப்பிடம் போதாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்பட்ட புதுப்பிப்புகளைப் பல கைப்பேசிகளில் கண்டிருக்கிறேன். புதுப்பிப்பு இல்லையென்றால், ஐபோனில் ஆப் ஸ்டோரின் முன்பு வாங்கியவை என்ற பட்டியலுக்குச் சென்று செயலியைத் தேடிப் பதிவிறக்கப் பாருங்கள். நீங்கள் முன்பு நிறுவிய செயலி என்றால், உங்கள் கருவிக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தரவா என்று அது கேட்கக்கூடும். அதுவும் இல்லையேல், அதே சேவையை உலாவியில் திறந்து, முகப்புத் திரையில் குறுக்குவழியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தி படிப்பது, பயணச்சீட்டு எடுப்பது, மின்னஞ்சல் பார்ப்பது போன்ற பலவற்றுக்கு இது போதும், இடமும் மிச்சம். பழைய பதிப்பின் நிறுவல் கோப்பை முகம் தெரியாத தளங்களிலிருந்து எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

இரண்டாவது செய்தி வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி முற்றிலும் தீர்ந்து கிடந்த கைப்பேசியின் கடிகாரம் சில ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கலாம்; அதன் கணக்கில் வலைத்தளத்தின் சான்றிதழ் (தளம் உண்மையானது என்று காட்டும் மின்னணு அடையாளம்) இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைச் சரிசெய்தால் போதும். தேதி சரியாக இருந்தும் பல தளங்களில் இதே செய்தி வந்தால், கைப்பேசிக்குள் இருக்கும் மூலச் சான்றிதழ்ப் பட்டியல் (மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையானவை) பழையதாகிவிட்டது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் இலவசச் சான்றிதழை மிகப் பல தளங்கள் பயன்படுத்துகின்றன. அது நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதற்கு மாற்றான புதிய மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முற்பட்ட கருவிகளில் கிடையாது. அவற்றுக்காகச் செய்யப்பட்டிருந்த இடைக்கால ஏற்பாடும் 2024-இல் முடிந்துவிட்டது. இத்தகைய கைப்பேசியில் ஃபயர்பாக்ஸின் புதிய பதிப்புகளை இப்போது நிறுவ முடியாது; பழைய பதிப்பு இருந்தால் அந்த உலாவியைப் பயன்படுத்திப் பாருங்கள். அது கைப்பேசியின் பட்டியலை நம்பியிராமல் தன் மூலச் சான்றிதழ்களைத் தன்னோடே கொண்டுவருகிறது. உலாவியில் மட்டுமே இது பலிக்கும், பிற செயலிகளுக்கு உதவாது. எதுவுமே பலிக்காதபோது ‘எச்சரிக்கையைப் புறக்கணித்துத் தொடர்க’ என்று தட்டுவது, கடவுச்சொல் கேட்கும் எந்தத் தளத்திலும் ஏற்கத்தக்கதன்று.

அறிகுறி: இணையம் வருகிறது, அழைப்பு போகவில்லை

பழைய 3ஜி வலையமைப்புகள் பல நாடுகளில் அணைக்கப்பட்டுவிட்டன. முன்பு 4ஜி கைப்பேசிகளும் இணையத்துக்கு 4ஜியையும் பேச்சுக்கு 2ஜி அல்லது 3ஜியையும் பயன்படுத்தின. அந்தப் பழைய வலையமைப்பு மறைந்ததும், வோல்ட்டி என்னும் 4ஜி வழிப் பேச்சு இல்லாத கருவி அழைக்கும்போது திக்கற்றுப் போகிறது. சிம் அமைப்புகளில் வோல்ட்டி என்ற விருப்பம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சேவை நிறுவனம் அந்த மாடலை ஏற்கிறதா என்பதையும் கேட்டறியுங்கள். ஏற்கவில்லை என்றால் இது நீங்கள் சரிசெய்யக்கூடிய பிழை அன்று. அவசர அழைப்பும் போகாமல் போகக்கூடும் என்பதால், அந்தக் கைப்பேசியை ஒரே தொடர்புக் கருவியாக வைத்திருப்பது தகாது.

வைஃபை தொடர்பான புகார் பெரும்பாலும் புதிய ரவுட்டர் வந்த நாளிலிருந்து தொடங்கியிருக்கும். பழைய கைப்பேசிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். அவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலிலேயே தோன்றாது. டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் இயங்கினாலும் இணைய முடியாது. ரவுட்டரின் அமைப்பில் 2.4 அலைவரிசையைத் தனிப் பெயரில் இயக்கி, பாதுகாப்பை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

தொடாமலே திரை தட்டியதுபோல் இயங்கினால், அது சார்ஜ் ஏறும்போது மட்டும் நிகழ்கிறதா என்று பாருங்கள். ஆம் எனில் சார்ஜரின் மின்னிரைச்சலே காரணம், அதை மாற்றுங்கள். எப்போதும் நிகழ்ந்தால் திரைக்காப்புத் தாளை உரித்துவிட்டுப் பாருங்கள், பேட்டரி உப்பித் திரையை அழுத்துகிறதா என்பதையும் கவனியுங்கள். எதிர்முனையில் இருப்பவர் குரல் தொலைவில் கேட்கிறதென்றால் காதுப்பக்கச் சல்லடையை உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடையுங்கள். ஆற்றல் பொத்தான் பழுதானால், ஐபோனில் அசிஸ்டிவ் டச் வசதியும், ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை மெனுவும் திரையிலேயே அந்தப் பொத்தானைத் தந்துவிடும். புகைப்படம் மங்கினால் முதலில் லென்ஸைத் துடையுங்கள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

அறிகுறி: நிறுவனச் சின்னத்தோடு நின்றுவிடுகிறது

ஒலிப் பொத்தானோ ஆற்றல் பொத்தானோ உள்ளே அழுந்தியபடி சிக்கியிருந்தாலும் கைப்பேசி திரும்பத் திரும்பத் தொடங்கும். உறையைக் கழற்றிவிட்டு அவற்றை முதலில் சோதியுங்கள். அடுத்து, கட்டாய மறுதொடக்கம். ஐபோன் 8 முதலான மாடல்களில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தி விட்டு, குறைக்கும் பொத்தானை அழுத்தி விட்டு, சின்னம் தோன்றும் வரை பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றில் ஆற்றல் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டும். பலன் இல்லையென்றால், ஐபோனைக் கணினியில் இணைத்து மீட்பு முறையில் ‘அப்டேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது தரவுகளை வைத்துக்கொண்டே இயங்குதளத்தை மட்டும் திரும்ப நிறுவ முயலும், ‘ரீஸ்டோர்’ எல்லாவற்றையும் அழித்துவிடும். ஆண்ட்ராய்டின் மீட்பு மெனுவில் கேஷ் என்னும் தற்காலிகச் சேமிப்புப் பகுதியை மட்டும் அழிக்கும் வரி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இறுதியில் ஃபேக்டரி ரீசெட்தான் வழி என்றானால், அக்கருவியில் உள்ள கூகுள் கணக்கின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா என்று உறுதி செய்துகொண்ட பிறகே தொடுங்கள். ஆண்ட்ராய்டு 5.1 முதல் உள்ள திருட்டுத் தடுப்பு ஏற்பாட்டின்படி, மீட்பு மெனு வழியே அழிக்கப்பட்ட கைப்பேசி பழைய கணக்கின் விவரத்தைக் கேட்கும். தராவிட்டால் உள்ளே விடாது.

அறிகுறி: எல்லாம் நன்றாக இருக்கிறது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வருவதில்லை

கண்ணுக்குத் தெரியாத இந்த அறிகுறியை நீங்களே தேடிப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் கைப்பேசி பற்றிய பகுதியில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி இருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் சில பகுதிகள் கூகுள் பிளே வழியாகத் தனியே புதுப்பிக்கப்படுவதால், அந்தத் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். மாடல் பழையது என்பதாலேயே கைவிடப்பட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். 2013-இல் வெளிவந்த ஐபோன் 5எஸ் மாடலுக்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது.

திருத்தங்கள் உண்மையிலேயே நின்றுபோய் ஓராண்டுக்கு மேலாகியிருந்தால், வங்கி, பணப் பரிமாற்றச் செயலிகளை அதிலிருந்து நீக்கிவிடுங்கள். இரட்டைச் சரிபார்ப்புச் செயலியை வேறு கருவிக்கு மாற்றுங்கள். மாற்றும் முன் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிவையுங்கள். சில மாடல்களுக்கு லினியேஜ் ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளங்கள் புதிய ஆண்ட்ராய்டைத் தருகின்றன. உங்கள் மாடல் அதன் பட்டியலில் இருக்க வேண்டும், பூட்லோடர் என்னும், இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் பூட்டிய மென்பொருளைத் திறக்கும்போது தரவுகள் அனைத்தும் அழியும், வங்கிச் செயலிகள் சில அதன்மேல் இயங்க மறுக்கும். பொறுமையும் மாற்றுக் கைப்பேசியும் உள்ளவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

மற்றவர்கள் அதே கைப்பேசியைப் பாடல் கேட்கவும், படிக்கவும், வழிகாட்டும் வரைபடத்துக்கும், அறைக் கடிகாரமாகவும் தொடர்ந்து பயன்படுத்தலாம். மேசையில் நிரந்தரமாக நிறுத்திவைப்பதாக இருந்தால், அதை இரவும் பகலும் சார்ஜரிலேயே விட்டுவிடாதீர்கள். நூறு சதவீதத்திலேயே வெதுவெதுப்பாகக் கிடக்கும் பேட்டரிதான் விரைவில் உப்புகிறது. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் விருப்பம் அமைப்பில் இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாவிட்டால் நாளுக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் மின்சாரம் தரும்படி டைமர் பொருத்திய சாக்கெட்டில் செருகிவைத்து, மாதம் ஒருமுறை பின்மூடி தட்டையாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.